இரண்டாவது காது

தம்பி, இந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் சாச்சுப் பிடிங்க. ஆமா, ஜன்னலுக்கு வெளிய, என் கை மேல விழுகிற மாதிரி. மெல்ல ஊத்துங்க. பஸ் எடுக்க இன்னும் நேரம் கெடக்கு, டிரைவர் இப்பத்தான் டீக்கடைக்குள்ள போறாரு. போதும், நிப்பாட்டுங்க, சோப்பு போட்டுக்கிறேன். ஆதிரா, இலக்கியா, கவிநிலா, சர்வேஷ், தன்யா, நிகில், பவதாரிணி, முத்தழகு, யாழினி, ருத்ரன், வர்ஷித். இன்னொரு சுத்து இருக்கு, பாட்டிலை எடுத்துடாதீங்க.

என்ன அப்பிடிப் பார்க்கிறீங்க? மூளை கலங்கிப் போச்சுன்னு நெனைக்காதீங்க. இதெல்லாம் என் தங்கச்சி மக படிக்கிற மூணாங்கிளாஸ் பிள்ளைக பேரு. டீச்சர் காலையில ஆஜர் கூப்பிடுவாங்கள்ல, அந்த வரிசை. இதை ரெண்டு சுத்து சொல்லி முடிக்கிற வரைக்கும் சோப்பு போட்டுத் தேய்க்கணுமாம். நான் சொல்லலை, ஜெசிந்தா டீச்சர் சொல்றாங்க. அந்த டீச்சரைப் பார்த்து நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கத்தான் இப்பப் போயிக்கிட்டிருக்கேன். கேக்காம திரும்பி வந்தா எம் பேரு காசிமாயன் இல்லை.

இந்தாங்க, கடலை எடுத்துக்கங்க. வறுத்த கடலை, சூடா இருக்கு. இருங்க இருங்க, நீங்க கழுவலையே. கழுவிட்டு எடுத்துக்கங்க. நான் ஒண்ணும் சொல்லலை, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பஸ்ல கம்பியைப் பிடிச்சிருப்பீங்க, சில்லறை வாங்கியிருப்பீங்க, அதுக்காகச் சொல்றேன். நான் ஊத்துறேன், நீட்டுங்க.

நமக்கு உசிலம்பட்டி ரோட்டுல பஞ்சர் கடை. லாரி டயர், டிராக்டர் டயர், சைக்கிள் டியூப்பு, எல்லாம் பார்ப்போம். இந்தப் பக்கத்துல காசிமாயன் ஒட்டுன பஞ்சர் திரும்ப விட்டதுன்னு ஒரு பய சொல்ல மாட்டான். அப்பிடிப்பட்ட கை. இந்தக் கையைத்தான் தம்பி, ஊரு கூடி நிக்கிற இடத்துல, இம்புட்டு உசரப் பிள்ளை ஒண்ணு புரட்டிப் புரட்டிப் பார்த்துட்டு, ஃபெயில்னு சொல்லிருச்சு.

முதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்கு விளங்கும். என் தங்கச்சி முத்துமாரியை மேலச்சுனையில கட்டிக் கொடுத்திருக்கு. அவ புருசன் சிவனாண்டி. தங்கமான மாப்பிள்ளைதான், நான் இல்லைங்கலை. ஆனா புது வீடு கட்டிப் பால் காய்ச்சுனாரு பாருங்க, அதுக்கு என்னை எப்பிடி அழைச்சாருங்கிறீங்க? போன்ல. பத்திரிகையைப் படம் பிடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு, அவசியம் வரவும்னு எழுதிக் கைகூப்புற பொம்மை ஒண்ணு போட்டிருந்தாரு. கூடப் பிறந்த அண்ணன், பொண்ணு எடுத்த வீடு, நேர்ல வந்து ஒரு வெத்தலை பாக்கு வச்சு அழைக்க மாட்டாராம். நான் போகலை. ஏன் வரலைன்னு அவரும் கேக்கலை. அத்தோட பேச்சு நின்னு போச்சு. வருசம் ஓடிப் போச்சு.

அதுல பாதிக்கப்பட்டது யாருங்கிறீங்க? அந்தப் பிள்ளை இலக்கியாதான். தாய்மாமன் இல்லாம காது குத்த முடியாது. மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும், அது எங்க வழக்கம். நான் போகாததுனால தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, மூணாங்கிளாஸ் வந்தும் பிள்ளைக்குக் காது மூளியாவே கெடந்துச்சு. வேப்பங்குச்சி சொருகக்கூட ஓட்டை இல்லை. கிளாஸ்ல பிள்ளைக கேலி பண்ணுதுகன்னு என் தங்கச்சி போன்ல அழுவா. நான் என்ன பண்ணட்டும், மாப்பிள்ளை நேர்ல வரட்டும்னு சொல்லிட்டேன்.

இதுக்கு நடுவுல ஒருத்தன் புகுந்துட்டான். தவசின்னு பேரு. என் சித்தப்பா மகன், முத்துமாரிக்கு அவனும் அண்ணன் முறைதான். மதுரையில மருந்துக்கடையில வேலை. வெள்ளைச் சட்டையைத் தவிர வேற போட மாட்டான். நான் போகாத வீட்டுக்கு அவன் மாசாமாசம் போயிருக்கான், பிள்ளைக்குப் பொம்மை, பென்சில் டப்பா, அது இதுன்னு வாங்கிக் கொடுத்திருக்கான். கடைசியில மாப்பிள்ளை வீட்டுல பேச்சு எழுந்திருச்சு. காசிமாயன் வந்தா வரட்டும், வரலைன்னா தவசி மடியில வச்சுக் குத்திருவோம், அவனும் மாமன்தானேன்னு. இதைக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு இறங்கலை தம்பி. கோவம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே ஒழிய, உள்ளுக்குள்ள பயந்துட்டேன். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இந்த ஒரு மடி உரிமையும் போச்சுன்னா நான் யாருக்கு என்ன வேணும், சொல்லுங்க.

நல்லவேளை, மாப்பிள்ளை வந்துட்டாரு. நேர்லயே வந்தாரு. கடை வாசல்ல, டயருக்கு நடுவுல நின்னுக்கிட்டு தாம்பூலத் தட்டை நீட்டுனாரு. வாயைத் திறக்கலை. நானும் திறக்கலை. கையைத் துண்டுல துடைச்சுக்கிட்டு வாங்கிக்கிட்டேன். பட்டுப் பாவாடை, தோடு, கொலுசுன்னு ஒரு குறை வைக்காம சீர் எடுத்தேன். முதல் நாள் சாயந்திரமே போய் இறங்கிட்டேன்.

அங்கதான் இந்த டீச்சர் கதையைக் கேட்டேன். பிள்ளை என்னைப் பார்த்ததும் ஓடி வரும்னு நெனைச்சேன். வந்துச்சு, நான் இல்லைங்கலை. ரெண்டடி தள்ளி நின்னு, கையைக் காட்டுங்க மாமான்னுச்சு. சட்டையில ஒரு அட்டை குத்தியிருந்துச்சு, அதுல கை படம். என்னடா இதுன்னா, அவதான் கிளாஸுக்குக் கை லீடராம். மத்தியானம் சோறு வாங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பிள்ளை கையையும் பார்த்து பாஸ், ஃபெயில் சொல்லணுமாம். ஃபெயிலானா திரும்பக் குழாயடிக்குப் போகணும்.

எல்லாம் அந்த டீச்சர் பண்ணுன வேலை. ஒரு நாள் காலையில உள்ளங்கையில ரோஸ் கலர் கோலப்பொடியைத் தடவிக்கிட்டு கிளாஸுக்கு வந்திருக்காங்க. ஒண்ணும் சொல்லலை. முன்னாடி உக்காந்திருந்த வர்ஷித்துக்கு மட்டும் ஒரு கை கொடுத்துட்டு, பேசாம கணக்கு நடத்த ஆரம்பிச்சுட்டாங்க. அந்தப் பய பக்கத்துப் பிள்ளைகிட்ட ரப்பர் வாங்கியிருக்கான், அது இன்னொண்ணைக் கிள்ளியிருக்கு, அது போய்த் தண்ணி மோந்து குடிச்சிருக்கு. மத்தியான மணி அடிக்கிறதுக்குள்ள கிளாஸே ரோஸ் கலரு. ஒருத்தி மூக்குல, ஒருத்தன் காதுல, தண்ணிக் குடத்துல, கதவுல, ஹெட்மாஸ்டர் கண்ணாடியில. அவரு எப்ப உள்ள வந்துட்டுப் போனாருன்னு ஒருத்தருக்கும் தெரியலை. நம்ம பிள்ளை நாக்கை நீட்டிப் பார்த்திருக்கா, நாக்குலயும் ரோஸ்.

அப்புறம் டீச்சர் எல்லாத்தையும் நிக்க வச்சுச் சொன்னாங்களாம், இது கலரு, கண்ணுக்குத் தெரியுது, கிருமி தெரியாது, அம்புட்டுத்தான் வித்தியாசம்னு. வயித்துப்போக்கு, சளி, கண்ணு வலி, எல்லாம் இப்பிடித்தான் கை மாறிக் கை மாறி வருதுன்னு. அன்னைக்கு முச்சூடும் பிள்ளைக கையை மேல தூக்கிக்கிட்டே திரிஞ்சிருக்குக. அத்தோட விட்டாங்களா? புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகம், மணிக்கட்டுன்னு ஒவ்வொண்ணாத் தேய்க்கச் சொல்லிக் கொடுத்து, ஆஜர் வரிசையைப் பாட்டா வச்சுட்டாங்க. கை லீடருக்கு ஒரு சட்டமும் போட்டிருக்காங்க. ஹெட்மாஸ்டரா இருந்தாலும் சரி, கலெக்டரே வந்தாலும் சரி, கையைப் பார்க்காம விடக் கூடாது. தாய்மாமனைத் தவிரன்னு ஒரே ஒரு வார்த்தை அதுல சேர்த்திருந்தா அந்தம்மா என்ன குறைஞ்சா போயிருப்பாங்க? இதைத்தான் நான் கேக்கப் போறேன்.

மறுநாள் விடியக்காலமே எல்லாரும் கருப்பசாமி கோயிலுக்குப் போயிட்டோம். மலையடிவாரம், குழாயெல்லாம் கிடையாது. டெம்போவுல டிரம் வச்சுத் தண்ணி கொண்டு வந்திருந்தாக. என் கை அன்னைக்கு எவ்வளவு சுத்தமா இருந்துச்சுங்கிறீங்க! காலையில குளிச்ச கை. அதுக்கப்புறம் டெம்போவுக்கு ஒரு டயர்ல காத்து கம்மியா இருந்துச்சு, அதைக் கொஞ்சம் பார்த்தேன். கிடா முரண்டு பிடிச்சது, அதைக் கொம்பைப் பிடிச்சு இழுத்தேன். மூக்குப்பொடி ஒரு சிட்டிகை போட்டேன். பந்தலுக்குள்ள வந்த நாயை விரட்டுனேன். அம்புட்டுதான். அதையும் துண்டுல சுத்தமாத் துடைச்சுட்டேன். இந்தத் துண்டு இல்லை, இது புதுசு.

பலகை போட்டு உக்காந்தேன். சட்டை கசங்காம நிமிர்ந்து உக்காந்து மடியைத் தட்டி, வாடா தங்கம்னேன். பிள்ளை பட்டுப் பாவாடையில ஜம்முன்னு நிக்குது. அந்த அட்டையை அன்னைக்கும் குத்தியிருந்துச்சு. வரலை.

"மாமா, கை."

ஊரே பார்க்குது. நானும் சிரிச்சுக்கிட்டே நீட்டுனேன், விளையாட்டுன்னு நெனைச்சு. திருப்பிப் பார்த்துச்சு, நகத்தைப் பார்த்துச்சு, மோந்து பார்த்து மூஞ்சியைச் சுளிச்சுச்சு. ஃபெயிலுன்னுருச்சு. ஆசாரி அந்தப் பக்கம் தங்கக் கம்பியை உதட்டுல கவ்விக்கிட்டு உக்காந்திருக்காரு, அவரையும் விடலை. வாயில வச்ச கம்பியைக் காதுல குத்தக் கூடாதுன்னு சொல்லிருச்சு. அவரு இந்த ஊருல பாதிப் பேருக்குக் காது குத்துனவரு, முழிச்ச முழியைப் பார்க்கணுமே. முத்துமாரி அதட்டிப் பார்த்தா, மாப்பிள்ளை கெஞ்சிப் பார்த்தாரு. பிள்ளை கையைக் கட்டிக்கிட்டு நிக்குது. டீச்சருக்குச் சத்தியம் பண்ணியிருக்காளாம்.

அப்பத்தான் இந்தத் தவசி மெல்ல எழுந்திருக்கான். வெள்ளைச் சட்டைப் பையில இருந்து சின்னதா ஒரு பாட்டிலை எடுத்துப் பிதுக்கி, ரெண்டு கையையும் தேய்ச்சு, பிள்ளை மூக்குக்கிட்ட நீட்டுறான். ஆஸ்பத்திரி வாசம். பிள்ளை அவன் கையைப் பார்த்துட்டு பாஸுன்னுச்சு. இருடா, இதோ வந்துட்டேன்னு டிரம்மைப் பார்த்து ஓடுனேன்.

கழுவுறதுக்கு ஒரு ஆள் ஊத்தணும்ல? எல்லாரும் பந்தல்ல நிக்கிறாங்க. பின்னாடியே சொம்பை எடுத்துக்கிட்டு வந்தது யாருங்கிறீங்க? மாப்பிள்ளை. பேச்சு வார்த்தை இல்லாத ஆளு. அவரு பாட்டுக்கு ஊத்துறாரு, நான் பாட்டுக்குத் தேய்க்கிறேன். பந்திக்கு வச்சிருந்த சோப்பை எடுத்துத் தேய்ச்சுட்டு, பழக்கதோசத்துல துண்டுல துடைச்சுக்கிட்டுப் போய் நின்னேன். பிள்ளை துண்டைப் பார்த்துச்சு, திரும்பக் கையைக் காட்டுச்சு, டிரம்மைக் காட்டுச்சு. ரெண்டாம் தடவை துடைக்காம கையைத் தூக்கிக்கிட்டு வரேன், வழியில பூசாரி திருநீறு நீட்டுறாரு. சாமி திருநீறை வேணாங்க முடியுமா தம்பி? வாங்கிப் பூசுனேன். திரும்ப டிரம்மு.

மூணாந்தடவை நகத்தைத் தேய்க்க ஆரம்பிச்சேன். பாருங்க இந்த நகத்தை, சின்ன வயசுல இருந்து டயர் பிடிச்ச நகம், ரப்பரும் கிரீஸும் உள்ளயே ஊறிப் போச்சு. சோப்புக்கு மசியலை. சமையல்காரர்கிட்ட புளி வாங்கித் தேய்ச்சேன், சாம்பலைப் போட்டுத் தேய்ச்சேன். மாப்பிள்ளை ஊத்திக்கிட்டே இருக்காரு. அவருக்கும் கை கடுத்துப் போயிருக்கும்.

"இன்னும் ஊத்தவா மச்சான்?"

"ஊத்துங்க மாப்பிள்ளை."

இதெல்லாம் சின்ன விசயம், கதைக்கு நடுவுல எதுக்குச் சொன்னேன்னு தெரியலை. எதுல விட்டேன்? ஆங், அப்ப பந்தல்ல இருந்து ஒரு வீல்னு சத்தம். ராகு காலம் வந்துரும்னு பெரியவங்க அவசரப்படுத்தியிருக்காங்க. ஆசாரி கையைக் கழுவி, கம்பியைத் தவசி பாட்டில் தண்ணியில நனைச்சு, தவசி மடியில உக்கார வச்சு ஒரு காதைக் குத்திப்புட்டாரு. நான் இங்க புளி தேய்ச்சுக்கிட்டிருக்கேன், அங்க என் உரிமை பாதி போயிருச்சு. அழுகையா வந்துருச்சு தம்பி, சோப்பு கண்ணுல பட்டுருச்சுன்னு மாப்பிள்ளைகிட்டச் சொன்னேன்.

முதல் காதுன்னா பிள்ளைக்கு என்னன்னு தெரியாது, பேசாம உக்காந்திருச்சு. குத்துன பிறகுதானே வலி தெரியும்? தவசி மடியில இருந்து ஒரே துள்ளு, அவன் வெள்ளைச் சட்டையை நகத்தால கீறிட்டு எடுத்துச்சு பாருங்க ஓட்டம். நேரா வந்து டிரம்முக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிச்சு. கூட்டமே பின்னால வருது. முத்துமாரி கூப்பிடுறா, மிட்டாய் தரேன்னு ஒருத்தி, சைக்கிள் வாங்கித் தரேன்னு தவசி. இன்னொரு காதை யாருக்கும் தர மாட்டேன்னு ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டுத் தேம்புது. கிட்டப் போனா கடிக்க வருது.

நான் என்ன பண்ண முடியும், தூக்கவும் முடியாது. கையெல்லாம் நுரை, எதையாவது தொட்டா திரும்ப ஃபெயிலு. அதனால விட்ட இடத்துல இருந்து தேய்ச்சுக்கிட்டே பேரைச் சொல்லிக்கிட்டு நின்னேன். முதல் நாள் ராத்திரி அவகிட்டக் கேட்டதுதான், அரையும் குறையுமா ஞாபகம். பவதாரிணி, முத்தழகு, யாழினி, வர்ஷித்துன்னு முடிச்சேன். டிரம்முக்குப் பின்னாடி தேம்பல் நின்னுச்சு.

"ருத்ரனை விட்டுட்டீங்க மாமா. அவன் கிளாஸுக்கு வராட்டியும் டீச்சர் அவன் பேரைச் சொல்லுவாங்க, நீங்களும் சொல்லணும்."

சரி தாயி, தப்புத்தான்னு முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். அதுவும் மூக்கை உறிஞ்சிக்கிட்டே கூடச் சொல்லுச்சு. மாப்பிள்ளை ஊத்த, நுரையெல்லாம் போச்சு. துண்டைத் தொடலை, பூசாரி பக்கம் திரும்பலை, கையை ரெண்டையும் மேல தூக்கிக்கிட்டு அப்பிடியே மண்ணுல மண்டி போட்டு உக்காந்தேன். பிள்ளை வெளிய வந்துச்சு. உள்ளங்கை பார்த்துச்சு, புறங்கை பார்த்துச்சு, விரலை விரிச்சு விரிச்சுப் பார்த்துச்சு. நகத்துக்கு வந்ததும் நின்னுருச்சு. நகம் கறுப்பாத்தான் இருக்கு. எனக்கு உயிரே இல்லை. இது போகாது தங்கம், சோப்பு போட்டாச்சு, புளி போட்டாச்சு, சாம்பல் போட்டாச்சு, மாமன் பொழப்பு இதுன்னு சொன்னேன். பிள்ளை நகத்தைச் சுரண்டிப் பார்த்துச்சு. மோந்து பார்த்துச்சு. இது அழுக்கு இல்லை, கலருதான்னு அதுவே முடிவு பண்ணிருச்சு. பாஸுன்னு சொல்லிட்டு, ஈரத்தோட ஈரமா என் கழுத்தைக் கட்டிக்கிட்டு ஏறி உக்காந்துச்சு. குத்தும்போது கையை விடக் கூடாது மாமான்னு காதுக்குள்ள ஒரு கண்டிசன் வேற.

குத்துனாங்க. டிரம்முக்குப் பக்கத்துலயே, பலகைகூட இல்லாம, சேத்துல உக்காந்துக்கிட்டு. ராகு காலமே வந்துருச்சுன்னு ஒரு கிழவர் சொல்லிட்டே இருந்தாரு, ஒருத்தரும் காதுல வாங்கலை.

இதுதான் என் வயித்தெரிச்சல் தம்பி. சிரிக்காதீங்க. தாய்மாமன் நான் இருக்கேன், சீர் எடுத்தது நான், எனக்குக் கெடைச்சது ரெண்டாவது காது. முதல் காது முதல் காதுதானே? ஊருல கேட்டா தவசி மடியில காது குத்துனாங்கன்னுதான் சொல்றாக. அந்த டீச்சர் மட்டும் அந்தக் கோலப்பொடியைக் கையில எடுக்காம இருந்திருந்தா, ரெண்டு காதும் என்னோடது. இன்னைக்கு விடப் போறதில்லை. பிள்ளை வேற, மாமா பள்ளிக்கூடத்துக்கு வந்தா கையைப் பார்த்துட்டுத்தான் உள்ள விடுவேன்னு போன்ல சொல்லிருக்கா, அதுக்காகத்தான் போற வழியிலயே கழுவிக்கிறது. மத்தபடி எனக்கு இந்தக் கிருமியில எல்லாம் நம்பிக்கை கிடையாது.

நீங்க நம்பலைன்னா போன்ல படம் இருக்கு, பாருங்க. இது முதல் காது. தவசி பல்லைக் காட்டிக்கிட்டு எப்பிடி உக்காந்திருக்கான் பாருங்க. பிள்ளை முகம் எம்புட்டுத் தெளிவா விழுந்திருக்கு, வாயைத் திறந்து கத்துறது, அவன் மடியில இருந்து குதிக்கப் போறது, எல்லாம் அச்சா இருக்கு. இதைப் பெருசு பண்ணி பிரேம் போட்டு அவன் வீட்டுல மாட்டியிருக்கான். இது என்னோடது. இதுல என்ன இருக்கு? பிள்ளை முகமே இல்லை. என் சட்டைக்குள்ள மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு, என் கையை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கு. போட்டோக்காரர், பாப்பா இங்க பாரு, இங்க பாருன்னு கத்தறாரு, திரும்பவே இல்லை. குத்தி முடிச்சு, பந்தி போட்டு, ஆளுக எல்லாம் சாப்பிட்டு எழுந்திரிச்சும் திரும்பலை. தலையும் ரிப்பனும் இந்தக் கறுப்பு நகமும்தான் தெரியுது. இப்பிடி ஒரு படத்தை எவன் தம்பி பிரேம் போட்டு மாட்டுவான்?